ரேண்ட் மெக்னாலி பெரிய அளவு ரோடு அட்லஸ்: கண்ணுக்கும் திட்டத்துக்கும் எவ்வளவு உதவும்?

அமெரிக்காவில் நெடுந்தூரம் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு ரேண்ட் மெக்னாலி அட்லஸ் புதிதல்ல. அந்த நிறுவனத்தின் முதல் கார்ப் பயண அட்லஸ் 1924-இல் வந்தது. இப்போது ஆண்டுதோறும் வரும் பதிப்புகளில் ஒன்று 'லார்ஜ் ஸ்கேல்'. சாதாரணப் பதிப்பைவிட மாநில வரைபடங்கள் 35% பெரியவை, சுருள் கம்பி பைண்டிங், பின்னால் முழுமையான ஊர் அகராதி. இவைதான் இதன் அடையாளங்கள். நாற்பது வயதைத் தாண்டி, கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கியவர்களின் கண் போவது இதன்மேல்தான்.

வாங்குமுன் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இது பெரிய வரைபடம். பெரிய எழுத்து என்பது வேறு. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கான புத்தகங்களுக்கு 18 பாயின்ட் எழுத்து வேண்டும் என்பது அமெரிக்கன் பிரின்டிங் ஹவுஸ் ஃபார் தி பிளைண்ட் நிறுவனத்தின் பரிந்துரை. எந்த ரோடு அட்லஸும் அந்த அளவை எட்ட முடியாது. எட்டினால் பக்கத்துக்குப் பத்து ஊர்கூடத் தேறாது. வரைபடம் 35% பெரிது என்றால் எழுத்தும் 35% பெரிது என்று கணக்குப் போடவும் கூடாது. பரப்பு 35% கூடும்போது நீளவாக்கில் கூடுவது 16% தான். பெரிய நகரங்கள், மாநிலத் தலைநகரங்கள், இன்டர்ஸ்டேட் (மாநிலங்களைக் கடந்து ஓடும் பெருஞ்சாலை) எண்கள் எல்லாம் கண்ணாடி இல்லாமலே பிடிபடும். நடுத்தர ஊர்கள் படிக்கும் கண்ணாடியோடு சுலபம். ஆனால் ஐந்நூறு பேர் வாழும் ஊரின் பெயர், எக்சிட் (பெருஞ்சாலையிலிருந்து இறங்கும் வழி) எண், சந்திப்புகளுக்கு இடையே அச்சிட்டிருக்கும் குட்டி மைல் எண் மூன்றும் இந்தப் பதிப்பிலும் சிறியவைதான். அவற்றுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படும்.

அப்படியானால் பெரிதாக்கியதில் என்ன பயன்? இடைவெளிதான். சாதாரணப் பதிப்பில் ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிச் சாலை எண்களும் ஊர்ப்பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். எந்தப் பெயர் எந்தப் புள்ளிக்கு, எந்த எண் எந்தக் கோட்டுக்கு என்று பிரித்தறியவே நேரம் போகும். இதில் அந்த நெரிசல் தளர்ந்திருக்கிறது. கண் தேடி அலையாமல் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் மறுகோடி வரை போக முடிகிறது. திட்டமிடும்போது கண்ணுக்குக் களைப்பைத் தருவது சின்ன எழுத்தைவிட இந்த நெரிசல்தான். அந்த வகையில் கொடுக்கும் காசுக்கு இது தகும்.

கண்ணாடி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பைஃபோகலோ புரோக்ரஸிவோ (தூரத்துக்கு மேல் பகுதி, படிக்கக் கீழ்ப் பகுதி என்று அமைந்த கண்ணாடி) போட்டிருப்பவர்களுக்கு, விரித்த அட்லஸின் மேல் ஓரம் படிக்கும் பகுதிக்கு வெளியே போய்விடும். கழுத்தைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பிடரி வலிக்கும். அட்லஸைச் சமையல் புத்தகத் தாங்கி போன்ற ஒன்றில் சற்றே சாய்த்து வைத்தால் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஏறத்தாழ ஒரே தூரத்துக்கு வந்துவிடும். ஒரே பவர் கொண்ட படிக்கும் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. பூதக்கண்ணாடியில் கைப்பிடி வைத்ததைவிட, காகிதத்தின்மேல் வைத்து நகர்த்தும் குமிழ் வடிவக் கண்ணாடி வசதியானது. தூரத்தைச் சரிசெய்ய வேண்டியதில்லை. சுற்றியுள்ள வெளிச்சத்தையும் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வெளிச்சம் பற்றி அட்லஸ் விமர்சனங்களில் யாரும் பேசுவதில்லை, ஆனால் பேச வேண்டும். ரேண்ட் மெக்னாலி வரைபடத்தில் கட்டணமில்லாத இன்டர்ஸ்டேட் நீலம், டோல் சாலை பச்சை, மற்ற முக்கிய ஹைவேக்கள் சிவப்பு, அதற்கும் கீழ்நிலைச் சாலைகள் மெல்லிய சாம்பல் கோடுகள். மங்கலான மஞ்சள் விளக்கின் கீழ் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். டோல் இல்லை என்று நினைத்துப் போட்ட பாதையில் டோல் வந்து நிற்பது இதனாலும் நேரலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், இல்லையேல் வெள்ளை எல்.இ.டி. மேசை விளக்கைப் பக்கவாட்டிலிருந்து விழச் செய்யுங்கள். காருக்குள் சிவப்பு டார்ச் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு காகிதத்தோடு கரைந்துவிடும். சிவப்பில் அச்சிட்ட யு.எஸ். ஹைவே (இன்டர்ஸ்டேட்டுக்கு முந்தைய பழைய தேசிய எண் சாலை) முழுவதும் காணாமல் போகும். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் நிறத்தை நம்பாமல் சாலை எண்ணின் கேடயச் சின்னத்தையும் கோட்டின் தடிமனையும் பார்த்துப் பழகுவதே பத்திரம்.

இனி இதை வைத்துத் திட்டமிடும் முறை. மாநிலப் பக்கத்தில் தொடங்காதீர்கள். முன்னால் உள்ள முழு நாட்டு வரைபடத்தில் தொடங்குங்கள். இன்டர்ஸ்டேட் எண்களில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒற்றைப்படை எண்கள் வடக்கு தெற்காக ஓடும், மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக எண் கூடும். ஐ-5 பசிபிக் கரையில், ஐ-95 அட்லாண்டிக் கரையில். இரட்டைப்படை எண்கள் கிழக்கு மேற்காக, தெற்கிலிருந்து வடக்கே கூடும். ஐ-10 தெற்கில், ஐ-90 வடக்கில். மூன்று இலக்க எண்ணில் முதல் இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் பெரும்பாலும் நகரைச் சுற்றிப் போகும் அல்லது மறுபடி பெருஞ்சாலையில் சேரும் வழி. ஒற்றைப்படையானால் நகருக்குள் போய் நின்றுவிடும் கிளை. பழைய யு.எஸ். ஹைவேக்களில் இந்த வரிசை தலைகீழ்: எண்கள் கிழக்கிலும் வடக்கிலும் சிறியவை. இது தெரிந்துவிட்டால் முழு நாட்டுப் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த இரண்டு மூன்று சாலைகள் உங்கள் பயணத்தின் முதுகெலும்பு என்று முடிவு செய்துவிடலாம். பெரு நகரங்களுக்கிடையே தூரம் காட்டும் அட்டவணையும் ஓட்டும் நேர வரைபடமும் அட்லஸிலேயே இருக்கின்றன. மொத்த நாட்களை முதலில் அங்கே தோராயமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக வரும் தொல்லை பக்க வரிசை. மாநிலங்கள் ஆங்கில அகரவரிசையில் இருக்கின்றன. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மாநிலங்கள் புத்தகத்தில் எங்கெங்கோ கிடக்கும். ஐ-90 வழியாக மேற்கே யெல்லோஸ்டோனுக்குப் போகிறீர்கள் என்றால் மினசோட்டா நடுப்பகுதியில், தெற்கு டகோட்டா பின்பாதியில், வயோமிங் கடைசியில். இதற்கு ஒரே மருந்து ஒட்டுச் சீட்டு. போகும் வரிசையில் 1, 2, 3 என்று தடித்த பேனாவால் எழுதி, பக்கத்தின் மேல் ஓரத்தில் ஒட்டுங்கள். பக்கவாட்டில் ஒட்டினால் பையில் வைத்து எடுக்கும்போது மடங்கிக் கிழியும். வரைபட எல்லையில் அடுத்த மாநிலத்தின் பக்க எண் அச்சிடப்பட்டிருக்கும், ஆனால் அது சிறிய எழுத்து. ஒட்டுச் சீட்டு இருந்தால் அதைத் தேட வேண்டியதில்லை.

வரிசையைவிட ஆபத்தானது ஸ்கேல். ஒவ்வொரு மாநிலமும் பக்கத்துக்குப் பொருந்தும்படி அச்சிடப்பட்டிருப்பதால், ஒரு பக்கத்தின் அங்குலமும் அடுத்த பக்கத்தின் அங்குலமும் ஒன்றல்ல. டெக்சாஸையும் கலிஃபோர்னியாவையும் இரண்டாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். ரோட் ஐலண்டு போன்ற குட்டி மாநிலமோ தாராளமாக விரிந்து கிடக்கும். கிழக்கு மாநிலங்களில் விரல் அகலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு மொன்டானாவைத் திறந்தால், "இதோ பக்கத்தில்தானே" என்று தோன்றும் ஊர் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும். வரைபடம் பெரிதாகியிருப்பதால் இந்தக் குழப்பம் குறைவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் அளவுகோலைப் பார்த்து, ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் பத்து மைலுக்கு ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கத்திலேயே செருகி வையுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

ஆனால் இறுதித் தூரத்தை அந்தத் துண்டால் அளக்காதீர்கள். வளைவுகளை அது விழுங்கிவிடும். அச்சிட்டிருக்கும் மைல் எண்களைக் கூட்டுங்கள். சிவப்பு எண் என்பது இரண்டு சிவப்பு அம்புமுனைகளுக்கு இடைப்பட்ட மொத்தத் தூரம். கறுப்பு எண் அதற்குள் அடங்கிய சந்திப்புக்குச் சந்திப்புத் தூரம். இரண்டையும் சேர்த்துக் கூட்டுவது புதிதாக அட்லஸ் பார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்வது. தூரம் இரு மடங்காகிவிடும். நீண்ட ஓட்டத்துக்குச் சிவப்பை மட்டும் கூட்டுங்கள். சிவப்பு அம்பு இல்லாத இடத்தில் மட்டும் கறுப்புக்கு இறங்குங்கள்.

இன்டர்ஸ்டேட்டில் இதைவிட எளிய வழி எக்சிட் எண். பெரும்பாலான மாநிலங்களில் எக்சிட் எண் என்பது மாநிலத்தின் மேற்கு அல்லது தெற்கு எல்லையிலிருந்து எண்ணிய மைல். ஆகவே இரண்டு எக்சிட் எண்களைக் கழித்தால் தூரம் கைக்கு வந்துவிடும். தெற்கு டகோட்டா பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூ ஃபால்ஸில் ஐ-29 குறுக்கிடும் இடம் எக்சிட் 396. பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குத் திரும்பும் இடம் எக்சிட் 131. கழித்தால் 265 மைல். மணிக்கு 60 மைல் சராசரி என்று வைத்தால் மைலுக்கு ஒரு நிமிடம்: நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சாலையில் ஊர்களுக்கு வெளியே வேக வரம்பு 80 என்றாலும் திட்டத்தில் 60 என்றே போடுங்கள். காஸ் (பெட்ரோல்) போடுவது, கழிப்பறை, காபி எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். இதே பக்கத்தில் நேர மண்டல எல்லையும் மர்டோ ஊருக்கு மேற்கே குறுக்கே ஓடுகிறது. மேற்கே போகும்போது ஒரு மணி நேரம் கிடைக்கும், திரும்பி வரும்போது அதே ஒரு மணி நேரம் போகும். திரும்பும் நாளில் விடுதிக்கோ விமானத்துக்கோ நேரம் குறித்திருந்தால் இந்தக் கோட்டைப் பென்சிலால் தடிப்பாக்கி வையுங்கள்.

பேட்லேண்ட்ஸ் இடத்திலேயே இந்த அட்லஸின் அருமை தெரியும். எக்சிட் 131-இல் இறங்கி மாநிலச் சாலை 240 வழியாகப் பூங்காவுக்குள் போய், வால் ஊரில் எக்சிட் 110-இல் மறுபடி ஐ-90 ஏறலாம். இன்டர்ஸ்டேட்டிலேயே போனால் 21 மைல். பூங்கா வழி 39 மைல், உள்ளே வேக வரம்பு 45-க்கு மேல் கிடையாது, எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஒரு மணி நேரம். அதாவது உண்மையில் கூடுதலாக ஆவது சுமார் நாற்பது நிமிடமும், நீங்கள் நின்று பார்க்கும் நேரமும்தான். சேருமிடத்தை மட்டும் கொடுத்தால் போன் இந்த வளைவைச் சொல்லவே சொல்லாது. வேகமான வழி அதுவல்லவே. விரித்த பக்கத்தில் நீலக் கோட்டிலிருந்து பிரிந்து, பச்சை நிறத்தில் அச்சிட்ட பூங்காவுக்குள் நுழைந்து, மறுபடி நீலத்தில் வந்து சேரும் வளைவு தானாகக் கண்ணில் படும். இயற்கைக் காட்சி உள்ள சாலைகளின் ஓரத்தில் போட்டிருக்கும் புள்ளி வரிசையும் இதே வேலையைச் செய்கிறது. பெரிய பதிப்பில் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிவது முக்கியமான நன்மை.

காலி இடத்தைக் காட்டுவதிலும் காகிதத்துக்கு ஈடில்லை. யூட்டா பக்கத்தில் ஐ-70-ஐப் பாருங்கள். கிரீன் ரிவருக்கும் சலீனாவுக்கும் இடையே நூறு மைலுக்கு மேல் நீலக் கோடு மட்டும் ஓடும், பக்கத்தில் ஊர்ப்பெயரே இருக்காது. இன்டர்ஸ்டேட்களிலேயே காஸ் ஸ்டேஷன் இல்லாத மிக நீண்ட தொடர் இதுதான். நெவாடாவில் யு.எஸ். 50 இன்னும் கடுமை: ஃபாலனிலிருந்து ஆஸ்டின் சுமார் 110 மைல், ஆஸ்டினிலிருந்து யுரீகா 70, யுரீகாவிலிருந்து ஈலி 77. திட்டம் போடும்போதே இத்தகைய இடங்களின் தொடக்க ஊரில் "டேங்க் நிரப்பு" என்று எழுதிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: வரைபடத்தில் புள்ளி இருந்தால் அங்கே காஸ் இருக்கும் என்று அர்த்தமில்லை. மேற்கு மாநிலங்களில் பெயர் மட்டும் மிஞ்சிய ஊர்கள் ஏராளம். அகராதியில் ஊர்ப்பெயருடன் மக்கள்தொகை இருந்தால் பாருங்கள். சில நூறுக்குக் கீழே என்றால் அந்த ஊரை எரிபொருள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி இதன் பெரிய குறை. சாலையின் சரிவு இதில் இல்லை. வயோமிங்கில் பஃபலோ ஊரிலிருந்து கோடி (Cody) ஊருக்குப் போகப் பிக்ஹார்ன் மலையைக் கடக்க மூன்று வழிகள்: யு.எஸ். 16, யு.எஸ். 14, யு.எஸ். 14ஏ. பக்கத்தில் மூன்றும் ஒரே மாதிரிக் கோடுகள். ஆனால் பர்ஜஸ் ஜங்ஷனிலிருந்து லவெலுக்கு இறங்கும் 14ஏ-இல் சரிவு 10% வரை போகும், குளிர்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். 9,666 அடி பவுடர் ரிவர் கணவாய் வழியாகப் போகும் யு.எஸ். 16 தான் டிரெய்லர் இழுப்பவர்கள் வழக்கமாக எடுப்பது. ஐரோப்பாவின் மிஷெலின் வரைபடங்களில் சரிவுக்கு அம்புக்குறி உண்டு: ஓர் அம்பு என்றால் 5 முதல் 9%, இரண்டு என்றால் 9 முதல் 13%, மூன்று அதற்கும் மேல். அப்படி ஒன்று இங்கே இருந்திருக்க வேண்டும். இல்லாததால், மலைப்பகுதிப் பக்கத்தில் கோடு எவ்வளவு நெளிகிறது, கணவாயின் உயரம் எவ்வளவு என்பதைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நெளியும் சாலைக்கு மணிக்கு 30 முதல் 35 மைல், நேரான இருவழிச் சாலைக்கு 50 என்று கணக்கு வையுங்கள்.

உயரமான கணவாய்களில் குளிர்காலத்தில் மூடப்படும் என்ற குறிப்பு சாலையை ஒட்டியே அச்சிடப்பட்டிருக்கும். அதைத் தவறவிடுவதால் குலையும் திட்டங்கள் அதிகம். கலிஃபோர்னியாவில் 9,943 அடி டயோகா கணவாய், கொலராடோவில் 12,095 அடி இண்டிபெண்டன்ஸ் கணவாய், ராக்கி மவுண்டன் பூங்காவில் 12,183 அடி வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலை எல்லாம் மே கடைசி வரையோ சில ஆண்டுகளில் ஜூன் வரையோ திறக்காமல் இருக்கலாம். இண்டிபெண்டன்ஸ் கணவாயில் 35 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது. இப்படிப்பட்ட வண்டித் தடைகளுக்கு இந்த அட்லஸை நம்ப வேண்டாம். பெரிய ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதி உள்ள பயண வண்டி) ஓட்டுபவர்களுக்கு இதே நிறுவனத்தின் மோட்டார் கேரியர்ஸ் அட்லஸ் பொருந்தும். லாரிகளுக்கு உரிய சாலைகளை அதில் ஆரஞ்சு நிறத்தில் காட்டியிருக்கிறார்கள், தாழ்வான பாலங்களின் பட்டியலும் உண்டு. அதன் டீலக்ஸ் பதிப்பின் லேமினேட் பக்கங்களில் விளக்கொளி பளபளக்கும் என்பது மட்டும் வயதான கண்களுக்குச் சங்கடம்.

குறியிடுவது பற்றி. மஞ்சள் ஹைலைட்டரால் நீலக் கோட்டின்மேல் இழுத்தால் அது பச்சையாகும். டோல் சாலை ஆகிவிடும். இளஞ்சிவப்பு ஹைலைட்டரில் சிவப்பு ஹைவே மறையும். கோட்டின்மேல் போடாமல் கோட்டை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். மை ஹைலைட்டர் மறுபக்கம் ஊறி அடுத்த மாநிலத்தைக் கெடுக்கும், அதனால் மெழுகுக் குச்சி ஹைலைட்டர் நல்லது. ஒரே அட்லஸைப் பல ஆண்டு வைத்திருக்க விரும்பினால், பக்கத்தின்மேல் தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கிளிப் போட்டு அதன்மேல் வரையுங்கள். வரைபடத்தின் இரண்டு மூலைகளில் இருக்கும் ஊர்களைத் தாளிலும் புள்ளி வைத்துவிட்டால், எடுத்து மறுபடி வைக்கும்போது அதே இடத்தில் பொருந்தும்.

சுருள் கம்பியால் பக்கம் முழுதாக மறுபுறம் மடங்கும், மடியில் வைக்கலாம், மேசையில் தானே மூடிக்கொள்ளாது. ஆனால் இரண்டு பக்கத்துக்கு விரியும் மாநிலங்களில் கம்பி நடுவே விழுவதால் சாலைகள் அங்கே அறுந்து, சற்று இடம்விட்டு மறுபடி தொடங்கும். இணையாக ஓடும் இரண்டு சாலைகளில் எது எதனோடு சேர்கிறது என்று தடுமாறினால் சாலை எண்ணை இரு பக்கத்திலும் தேடிப் பாருங்கள், கண்ணால் கோட்டை நீட்டிப் பார்க்காதீர்கள். பக்கத்தை ஒரு மூலையைப் பிடித்து இழுத்துத் திருப்பினால் துளைகள் கிழியும். அதிகம் புரளும் முதல், கடைசித் தாள்களின் துளை ஓரத்தில் தெளிவான டேப் ஒட்டி வைப்பது நல்லது. கார்க் கதவுப் பைக்குள் இது நுழையாது. முன்னிருக்கையின் பின்பக்கப் பையில் நிற்கும், வெயிலில் டாஷ்போர்டில் போட்டால் தாள் சுருளும்.

ஓட்டும்போது அட்லஸைப் பார்க்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். மேசையில் முடிவு செய்ததை அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்துக்கு எட்டு அங்குல அட்டை, தடித்த கறுப்பு ஸ்கெட்ச், எழுத்தின் உயரம் கால் அங்குலத்துக்குக் குறையாமல், ஒரு அட்டைக்கு ஏழு வரிக்கு மேல் வேண்டாம். சூ ஃபால்ஸிலிருந்து ராப்பிட் சிட்டி வரை இப்படி வரும்:

ஐ-90 மேற்கு, 396-இல் தொடக்கம்
263 சேம்பர்லெயின்: காஸ், மிசூரி ஆறு
மர்டோ தாண்டி: கடிகாரம் 1 மணி பின்னால்
131 இறங்கு → 240 (பூங்கா, 39 மைல்)
வால்: 110-இல் ஐ-90 மேற்கு
50 மைல் → ராப்பிட் சிட்டி

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இதைப் படித்தால் போதும். திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்வதைப் போனிடம் விடுங்கள், குறிப்பாக நகரத்துக்குள். நகரங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் சேர்த்து உள்வரைபடங்கள் 350-க்கு மேல் இருக்கின்றன, ஆனால் நகரப் படங்கள் நகரத்துக்குள் எந்தப் பக்கம் தங்கினால் மறுநாள் எளிதாக வெளியேறலாம் என்று பார்க்கத்தான் பயன்படும். மலைப்பகுதியிலும் பாலைவனத்திலும் சிக்னல் அறுந்துபோவதால் அந்தப் பகுதியின் வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். சாலை மூடல், பனி, வேலை நடக்கும் இடம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 511 என்ற எண்ணை அழைக்கலாம். அச்சிட்ட காகிதம் இன்றைய நிலவரத்தைச் சொல்லாது.

ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. இன்டர்ஸ்டேட்கள் இடம் மாறுவதில்லை. மூன்று நான்கு ஆண்டு பழைய பதிப்பே தாராளமாகப் போதும். விதிவிலக்கு எக்சிட் எண்கள். மாசசூசெட்ஸ் 2020, 2021-இல் வரிசை எண்ணை விட்டு மைல் எண்ணுக்கு மாறியது. ஐ-90-இல் ஸ்டர்பிரிட்ஜ் எக்சிட் 9 இப்போது 78. அதற்கு முந்தைய அட்லஸை வைத்து அங்கே திட்டம் போட்டால் எழுதிய அட்டை முழுவதும் தப்பு. வடகிழக்கில் வேறு சில மாநிலங்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. நியூ ஹாம்ப்ஷையர் போல இன்னும் வரிசை எண்ணே வைத்திருக்கும் மாநிலத்தில் மேலே சொன்ன கழித்தல் கணக்கு செல்லாது. இரண்டு அடுத்தடுத்த எக்சிட்டுக்கு இடையே ஒரே ஓர் எண் வித்தியாசம், ஆனால் கறுப்பு மைல் எண் ஐந்தோ ஆறோ என்றால் அது வரிசை எண் மாநிலம் என்று புரிந்துகொள்ளலாம்.

கனடாவுக்குள்ளோ மெக்சிகோவுக்குள்ளோ ஓட்டிப் போகிறவர்கள் சாதாரணப் பதிப்பையே வாங்குங்கள். அந்த நாடுகளின் வரைபடங்கள் அதில் உண்டு, பெரிய அளவுப் பதிப்பு அமெரிக்காவுக்கு மட்டுமானது. மண் சாலை, கூடாரம் போடும் இடம், மலைப்பாதை வேண்டும் என்பவர்களுக்கு எந்த முழு நாட்டு அட்லஸும் போதாது. மாநிலத்துக்கு ஒன்றாக வரும் டிலோர்ம் அட்லஸ் அண்ட் கெசட்டியர் அல்லது மேற்கு மாநிலங்களுக்கான பெஞ்ச்மார்க் அட்லஸ் தான் அதற்கு வழி. டிலோர்மில் உயரக் கோடுகள் இருப்பதால் சரிவைக் கண்ணால் பார்க்க முடியும். ஆனால் அதன் எழுத்து இன்னும் சிறியது. குமிழ்க் கண்ணாடியை அதற்கென்றே ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.